வீட்டு வண்டியின் புகைக்குழாய்

"புகைக்கு வழி சொல்லதுக்கா ஒன்னைய எஞ்சினியருக்குப் படிக்க வச்சோம்?"

மாமா இப்படிக் கேட்டபோது நான் வண்டிக்கு அடியில் மல்லாந்து படுத்திருந்தேன். வண்ணார்பேட்டைப் பட்டறையின் சிமெண்டுத் தரை முதுகில் குளிர்ந்தது. முகத்துக்கு மேலே துருப்பிடித்துப் பாதியில் ஒடிந்த சைலன்சர் குழாய் தொங்கியது. மாமாவின் செருப்புகள் மட்டுமே எனக்குத் தெரிந்தன. அவர் கேள்வியில் கோபம் இல்லை, சந்தேகம்தான் இருந்தது. எங்கள் குடும்பத்தில் பள்ளிப் படிப்பை முடித்த முதல் ஆள் நான். அதற்கு மேலும் படித்தவள். எனக்கு அதில் கர்வம் உண்டு, மறைப்பதில்லை. இவ்வளவு படித்த பெண் குளிர் அறையில் நாற்காலி போட்டு உட்காருவாள் என்று மாமா நினைத்திருந்தார். நானோ சுடிதாரில் கிரீஸ் அப்பிக்கொண்டு தரையில் கிடந்தேன்.

அப்பாவும் மாமாவும் சேர்ந்து வாங்கிய பழைய வேன் அது. பின்பாதி இருக்கைகளைக் கழற்றிவிட்டு நீளவாக்கில் ஒரு படுக்கை, அதன் எதிரே பாத்திர அலமாரி, இடப்பக்கக் கதவை ஒட்டி கேஸ் அடுப்பு என்று அமைத்திருந்தார்கள். பாபநாசத்தில் தொடங்கி ஆற்றோடு இறங்கி ஆழ்வார்திருநகரி வரை கோயில் கோயிலாகப் போகிறவர்கள் அதை வாடகைக்கு எடுப்பார்கள். அப்பா ஓட்டுவார். அம்மா கூடவே போய்ச் சமைப்பாள். எங்கள் தெருவில் அதற்கு வீட்டு வண்டி என்று பெயர்.

சில பயணங்களிலிருந்து அம்மா தலைவலியோடு திரும்புவாள். வந்ததும் வாந்தி எடுப்பாள், நடக்கையில் கால் பின்னும். சில பயணங்களில் ஒன்றுமே இருக்காது. வெயில் என்றார் அப்பா. திருஷ்டி என்று சொல்லி மாமா வண்டி முன்னால் எலுமிச்சம்பழம் கட்டினார். போன சித்திரையில் ஒரு நாள் அம்மா வண்டியை விட்டு இறங்கியவள், வாசலில் நின்ற என்னை யாரோ அசலூர்க்காரியைப் பார்ப்பதுபோலக் கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டே நின்றாள். அந்தப் பார்வை என்னைத் தூங்கவிடவில்லை. அடுத்த பயணத்தில் நானும் ஏறிக்கொண்டேன்.

அந்தப் பயணத்தில் ஆழ்வார்திருநகரியை அடைந்தபோது உச்சிவேளை. கோயில் நடை சாத்தியிருந்தது, சாயங்காலம்தான் திறப்பார்கள். அப்பா ஆற்றை ஒட்டி ஒரு மருத மர நிழல் பார்த்து வண்டியை நிறுத்தினார். வாடகைக்கு வந்த வயதான தம்பதி முன்பக்கம் இருக்கைகளைச் சாய்த்துக்கொண்டார்கள். அவர்களுக்காக ஏசி ஓடியது, ஏசிக்காக இன்ஜின் ஓடியது. நான் தரையில் பாய் விரித்துப் படுத்தேன்.

அந்த மதியத்தை நினைத்தால் இப்போதும் கண் செருகுகிறது. இன்ஜினின் அதிர்வு பாய் வழியாக எலும்புக்குள் இறங்கியது. கண்ணாடியில் இலை நிழல்கள் மெல்ல நீந்தின. எங்கோ ஆற்றில் துணி துவைக்கும் சத்தம் கேட்டது. ஒரு அடிக்கும் மறு அடிக்கும் நடுவில் நான் கொஞ்சம் தூங்கி, கொஞ்சம் விழித்தேன். வண்டி நிற்கிறதா, ஆற்றில் இறங்கி மிதந்து போகிறதா என்று தெரியவில்லை.

அந்த அரைத் தூக்கத்தில்தான் பார்த்தேன். அம்மா படுக்கையில் உட்கார்ந்து வெளியே எட்டிப் பார்த்தாள். நிழல் விழும் பக்கத்தைப் பார்த்தாள். பிறகு தலையணையை எடுத்துப் படுக்கையின் மறுகோடியில், பின் சன்னலுக்குக் கீழே போட்டாள். ஆற்றுக் காற்றுக்காகச் சன்னலை ஒரு விரல் அளவு திறந்துவைத்துவிட்டுச் சாய்ந்தாள்.

"என்னம்மா, மாத்திப் படுக்கே?"

"வண்டி வடக்க பாத்துல்லா நிக்கி. வடக்க தல வச்சு மனுசன் படுப்பானா? பேசாம ஒறங்குட்டி."

நான் மறுபடி மிதந்தேன். டீசல் வாசம் கனவுக்குள்ளேயே வந்தது. கனவில் அது ஒரு ஆளாக இருந்தது. சன்னல் இடுக்கு வழியாகக் கை நீட்டி அம்மாவின் தலைமுடியைக் கோதிக்கொண்டிருந்தது. திடுக்கிட்டு எழுந்தேன். அம்மாவை உலுக்கினேன். கண்ணைத் திறக்க நேரமாயிற்று. இன்ஜினை நிறுத்தச் சொல்லிக் கதவையெல்லாம் திறந்துவிட்டு, அவளை மர நிழலில் உட்கார்த்தினேன். முகம் கழுவியதும், "மண்டை இடிக்கி" என்றாள். தம்பதியைக் கேட்டேன். அவர்களுக்கு ஒன்றுமில்லை.

வண்டிக்குப் பின்னால் போய்க் குனிந்து பார்த்தேன். குழாயின் வாய் பின் பம்பருக்கு உள்ளேயே முடிந்திருந்தது, அம்மாவின் சன்னலுக்கு நேர் கீழே. வண்டி வடக்கே பார்த்து நின்ற நாட்களில் அவள் தலை புகைக்கு மேல் இருந்திருக்கிறது. மற்ற நாட்களில் கால். இன்ஜின் புகையில் மணமே இல்லாத நஞ்சும் உண்டு என்பதை நான் பரீட்சைக்கு எழுதியிருக்கிறேன். திரும்பும் வழியில் ஒரு வேகத்தடையில் அந்தக் குழாய் ஒடிந்து தரையில் உரசியது. எனக்கு வருத்தமே இல்லை.

இதையெல்லாம் சொல்லித்தான் அப்பாவையும் மாமாவையும் பட்டறைக்குக் கூட்டிவந்தேன். மாமா நம்பாமல் பட்டறை அண்ணாச்சியிடம் சொன்னார்: "இத்தன வருசம் இருந்த எடத்துலயே வச்சிட்டுப் போவும். புகை மேலதான போவுது?"

"அதத்தான் மாமா நானும் சொல்லுதேன். மேலதான் அம்மா படுத்திருக்கா."

பட்டறை அண்ணாச்சி சிரித்துவிட்டார். அன்று வெள்ளிக்கிழமை, சாமி படத்துக்கு முன்னால் சாம்பிராணி புகைந்துகொண்டிருந்தது. அவரிடம் கேட்டு அந்தத் தூபக்காலை வாங்கி, பழைய குழாயின் வாய் இருந்த இடத்தில் வைத்தேன். சன்னலை ஒரு விரல் அளவு திறந்தேன்.

"பேயோட்டுதியாட்டி?" என்றார் மாமா.

"நீங்க உள்ள படுங்க. அம்மா படுக்க மாதிரி."

சிரித்துக்கொண்டேதான் ஏறிப் படுத்தார். வெள்ளைப் புகை முதலில் அங்கேயே சுருண்டது. பிறகு வண்டியின் தட்டையான முதுகைத் தொட்டு, அதைப் பிடித்துக்கொண்டே பைய மேலேறி, சன்னல் இடுக்கில் நூல் கோத்ததுபோல நுழைந்தது. நாங்கள் மூன்று பேரும் வேடிக்கை பார்த்தபடி நின்றோம். உள்ளே மாமா தும்மினார்.

இறங்கி வந்தபோது அவர் முகத்தில் சிரிப்பு இல்லை. "அக்கா தல இங்கனயா கெடக்கும்?" என்று மட்டும் கேட்டார்.

அதன் பிறகு குழாய் எங்கே போக வேண்டும் என்பதுதான் பேச்சு. இடப்பக்கம் கொண்டுவந்தால் வேலை சுலபம் என்றார் அண்ணாச்சி. இடப்பக்கம் கதவு இருக்கிறது, அடுப்பு இருக்கிறது. நிறுத்திய இடத்தில் பாய் விரித்துச் சாப்பிடுவதும் அந்தப் பக்கம்தான் என்றேன். வண்டிக்கு நடுவிலேயே விட்டுவிடலாமே என்றார் அப்பா. அடியில் தேங்கும் புகை தரையின் ஓட்டை வழியாக ஏறும் என்றேன்.

"வலப்பக்கம் விட்டா பைக்குல போறவன் ஏசுவாம்லா?" என்றார் மாமா.

"தரையப் பாத்து வளச்சுவிட்டா ஏச மாட்டான்."

கடைசியில் சாக்கட்டியால் நானே கோடு போட்டேன். வலப்பக்கம், பின் சக்கரத்துக்குப் பின்னால். மேலே பாத்திர அலமாரி. அந்தச் சுவரில் சன்னல் கிடையாது. வாய் வண்டியின் விளிம்பைத் தாண்டிக் கொஞ்சம் வெளியே நிற்க வேண்டும், உள்ளே ஒளியக் கூடாது. ஓடும்போது வண்டியின் முதுகுக்குப் பின்னால் காற்று சுழன்று புகையை இழுக்கும் என்பதால், பின் சன்னலையும் தகடு வைத்து அடைத்துவிடச் சொன்னேன். அண்ணாச்சி கோட்டின் மேலேயே புதுக் குழாயைப் பற்றவைத்தார்.

சாயங்காலம் அம்மா வந்து பார்த்தாள். குழாயைப் பார்க்கவில்லை. அடைத்த சன்னலை விரலால் தட்டினாள்.

"ஆத்துக் காத்து எங்கன வரும்?"

"ஒன் உசுருக்குத்தாம்மா அடச்சது."

"சரித்தான். உள்ள புழுங்கும். புழுங்குனா ஏசி போடச் சொல்லுவாவ. ஏசி போட்டா இன்ஜின் ஓடும். அப்பொறம் ஒங் கொழா எந்தப் பக்கம் இருந்தா என்னட்டி?"

அவள் சொன்னது சரி. குழாயை எங்கே கொண்டுபோனாலும், காற்று திசை மாறினால் புகையும் மாறும். ஆள் தூங்கும்போது இன்ஜின் ஓடவே கூடாது. அதற்கு இன்ஜின் இல்லாமல் உள்ளே காற்று வர வேண்டும்.

கூரையில் பொருத்தும் விசிறி ஒன்றை வாங்கிவிட்டேன். தனி பேட்டரியில் ஓடுவது. கூரையை வெட்டினால் மழை ஒழுகும் என்று அப்பா இரண்டு நாளாக யோசித்துக்கொண்டிருக்கிறார். இன்று காலை அவர் டீ குடிக்கப் போன நேரத்தில் ஏணி வைத்து ஏறினேன். அம்மாவின் படுக்கைக்கு நேர் மேலே, இரண்டு கோடியிலிருந்தும் சம தூரத்தில் வட்டம் வரைந்து, தகட்டை வெட்டி எடுத்துவிட்டேன்.