கிரகணத்தன்று நான் தள்ளிய பதினொரு ரோல்

எனக்குத் தலைக்கனம் உண்டு. அதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன், பிறகு யாரோ கண்டுபிடித்த மாதிரி ஆகக் கூடாது. நெருப்பெரிச்சல் என்ற ஊரில் ஒரு பனியன் கம்பெனியில் இருபத்திரண்டு வருஷமாகத் துணிக்கு ஷேடு பார்க்கிறேன். சாயப்பட்டறையிலிருந்து வரும் துணி ரோல்கள், வெளிநாட்டுக்காரன் கேட்ட அதே நிறத்தில் இருக்கின்றனவா என்று பார்த்துக் கையெழுத்துப் போடுவது என் வேலை. போட்டால் துணி கட்டிங் மேஜைக்குப் போகும். போடாவிட்டால் வந்த டெம்போவிலேயே திரும்பும். பத்தாவது தாண்டாதவளுக்கு இது சின்ன அதிகாரமா? கோவில்பட்டிப் பக்கத்துக் கரிசல் காட்டிலிருந்து கல்யாணமான கையோடு வேலம்பாளையத்துக்கு வந்து, டெய்லருக்குத் துணியை மடித்துக் கொடுக்கும் கைமடி வேலையில் தொடங்கி, இந்த மேஜைக்கு வந்து சேர்ந்தேன். யார் சிபாரிசிலும் வரவில்லை. என் கண்ணால் வந்தேன். நாலு வெள்ளைத் துணியை முன்னால் போட்டால் நாலும் வேறு வேறு வெள்ளை என்று சொல்லிவிடுவேன்.

எங்கள் வேலையில் ஒரு முறை உண்டு. வெளிநாட்டுக்காரன் சரி என்று சொல்லி அனுப்பிய மாதிரித் துணியை ஸ்வாட்ச் என்போம். வெளிச்சம் பட்டு வெளுத்துவிடக் கூடாது என்று அதைக் கறுப்புக் கவரில் வைத்திருப்போம். ஒவ்வொரு ரோலுக்கும் அதை வெளியே எடுத்து, பக்கத்தில் வைத்துப் பார்க்க வேண்டும். நான் அப்படிச் செய்வதில்லை. காலையில் ஒரே ஒரு தடவை எடுத்துப் பார்ப்பேன். நிறம் மனசில் உட்கார்ந்துவிடும். அதற்குப் பிறகு கவரைத் திறக்கவே மாட்டேன். மற்றவர்கள் இரண்டு ரோல் பார்க்கும் நேரத்தில் நான் ஐந்து பார்ப்பேன். அதுதான் என் பெருமை, அதுதான் எனக்குக் குழி தோண்டியது.

ஆறு வருஷத்துக்கு முன்னால், மார்கழி அமாவாசை. காலையிலேயே சூரிய கிரகணம். நம் ஊரில் வளையம் மாதிரி தெரியும், சரியாக மூன்று நிமிஷம் இருக்கும் என்று எல்லோரும் சொல்லிக்கொண்டிருந்தார்கள். அன்று பாதிப் பேர் வேலைக்கு வரவில்லை. வந்தவர்களும் ஜன்னலைச் சாத்திக்கொண்டு உள்ளே உட்கார்ந்துவிட்டார்கள். பன்னிரண்டாவது படித்துக்கொண்டிருந்த என் மகள் மட்டும் கறுப்புக் கண்ணாடியை எடுத்துக்கொண்டு பள்ளிக்கூட மைதானத்துக்கு ஓடினாள்.

எங்கள் முதலாளி சேவூர்ப் பக்கத்துத் தோட்டக்காரர். இன்றைக்கும் விடிகாலையில் தோட்டத்தில் தண்ணி கட்டிவிட்டுத்தான் கம்பெனிக்கு வருவார். என் மேஜைக்கு வந்து, "அம்மிணி, கிரகணம் உட்டதுக்கப்புறம் பாத்துக்கலாமுங்களே. எதுக்குங்க அவசரம்?" என்றார்.

எனக்கு வாய் சும்மா இருக்குமா? "கிரகணம் சூரியனுக்குத்தான் முதலாளி, துணிக்கு இல்ல" என்றேன். பக்கத்தில் இருந்தவர்கள் சிரித்தார்கள். எனக்கும் பெருமையாக இருந்தது.

ஷேடு பார்க்கிற லைட் பெட்டியில் பல்பு போய் இரண்டு நாளாகியிருந்தது. அதனால் வடக்கு ஜன்னல் வெளிச்சத்தில் பார்த்தேன். அப்படிப் பார்க்கும்போது டியூப்லைட்டை அணைத்துவிட வேண்டும், அதையும் ஒழுங்காகச் செய்தேன். எட்டு மணிக்கு ஸ்வாட்சை எடுத்துப் பார்த்துவிட்டுக் கவரில் போட்டேன். துணி இளஞ்சாம்பல் நிறம். முதல் இரண்டு ரோலும் ஓகே. ஒவ்வொரு ரோலிலும் ஒரு துண்டு வெட்டி ரிஜிஸ்டரில் பின் அடித்து, பக்கத்தில் நேரத்தையும் குறிப்பது எங்கள் வழக்கம். எட்டே முக்காலுக்குப் பார்த்த ரோலுக்கு 'லேசாக டார்க்' என்று எழுதினேன். ஒன்பதுக்கு 'டார்க்'. ஒன்பது இருபதுக்கு 'டார்க், ரெட்டிஷ்'. அதாவது நிறம் கறுத்திருக்கிறது, சிவப்புப் பக்கமும் சாய்ந்திருக்கிறது. சாயப்பட்டறைக்காரன் ஏமாற்றிவிட்டான் என்று எனக்கு ரத்தம் கொதித்தது.

வெளியே வளையம் தெரிந்து பையன்கள் கூச்சல் போட்டபோது, அந்த மூன்று நிமிஷம் மட்டும் வேலையை நிறுத்தினேன். அந்த அளவுக்கு எனக்கும் அறிவு இருந்தது. கிரகண நேரத்தில் பச்சைத் தண்ணீர்கூடக் குடிக்காத கூட்டத்துக்கு நடுவில், வேண்டுமென்றே ஃபிளாஸ்கைத் திறந்து ஒரு டீயும் குடித்தேன். பிறகு மறுபடி ரோல்களை இழுத்தேன். எல்லாம் டார்க், எல்லாம் ரெட்டிஷ்; கடைசி இரண்டுக்கு மட்டும் 'லேசாக டார்க்' என்று எழுதினேன். வெளிச்சம் நன்றாகத்தான் இருப்பதாகப் பட்டது. கிரகணம்தான் முடிந்துவிட்டதே! வளையம் போன பிறகும் நிலா முழுசாக விலக ஒன்றரை மணி நேரத்துக்கு மேல் ஆகும் என்பது எனக்கு அப்போது தெரியாது. பதினொரு ரோலைத் தள்ளி டெம்போவில் ஏற்றிவிட்டேன்.

மத்தியானம் சாயப்பட்டறை மாஸ்டர் போன் செய்தார். "ஏனுங்க, இதுல என்ன குத்தமுங்க? எங்களுக்கு ஒண்ணும் தெரியலீங்களே." நான் விடவில்லை. "கண்ணு பொடதியிலயா இருக்கு உங்களுக்கு? நல்லாப் பாருங்க" என்றேன். சாயங்காலம் அவரே பதினொரு ரோலையும் கொண்டுவந்து இறக்கினார். முதலாளி கறுப்புக் கவரை எடுத்து என் கையில் கொடுத்தார். வெயில் சாயும் முன்பு வாசலில் வைத்து, ஸ்வாட்சையும் துணியையும் பக்கத்தில் பக்கத்தில் பார்த்தேன். ஒட்டிப் பிறந்த மாதிரி இருந்தன. ஒரு நூல்கூட வித்தியாசமில்லை. கம்பெனியே நின்று பார்த்துக்கொண்டிருந்தது.

"கிரகணம் துணிக்கு இல்லீங்க, கண்ணுக்குங்க" என்றார் மாஸ்டர். காலையில் நான் சொன்னது அவர் காதுவரைக்கும் போயிருந்தது. எல்லோரும் சிரித்தார்கள். பூமி பிளந்து என்னை விழுங்கக் கூடாதா என்று இருந்தது.

முதலாளி திட்டவில்லை. திட்டியிருந்தால் தாங்கியிருப்பேன். "உடுங்க அம்மிணி, ஆனைக்கும் அடி சறுக்குமுங்க" என்றவர், கொஞ்ச நேரம் கழித்து, "இனிமே மேனேஜரும் பக்கத்துல ஒரு கையெழுத்துப் போட்டுக்கட்டுங்க. ரிஜிஸ்டர்ல இன்னிக்கு எழுதுன பக்கத்தைக் கிழிச்சுப் போட்டுட்டுப் புதுசா எழுதீருங்க" என்றார். மறுநாள் ரிஜிஸ்டரில் என் கட்டத்துக்குப் பக்கத்தில் இன்னொரு கட்டம் வந்தது. மேனேஜர் வேலைக்குச் சேர்ந்து எட்டு மாதம்தான். அவருடைய கையெழுத்து இல்லாமல் என் கையெழுத்து செல்லாது. ஆறு வருஷம் அப்படித்தான் ஓடியது. ஒவ்வொரு முறையும் முகத்தைத் திருப்பிக்கொண்டுதான் ரிஜிஸ்டரை அவரிடம் நீட்டுவேன்.

பக்கத்தைக் கிழித்தேன். ஆனால் போடவில்லை. துணித் துண்டுகளோடு நாலாக மடித்து, வீட்டில் பீரோவில் பட்டுப்புடவைக்கு அடியில் வைத்தேன். எல்லாம் பிடிவாதம். அழும்புதான். வெளிச்சம் மங்கியதால் துணி கறுத்துத் தெரிந்தது, சரி, ஒத்துக்கொள்கிறேன். ஆனால் சிவப்பு? சிவப்புப் பக்கம் சாய்ந்ததை என் கண் பார்த்தது. அது எப்படிப் பொய்யாகும்? இதை யாரிடமும் கேட்கவில்லை. கேட்டால் மறுபடி சிரிப்பார்கள்.

போன வருஷக் கடைசியில் ஒரு ஞாயிற்றுக்கிழமை மகள் போன் செய்தாள். அவள் இப்போது வடக்கே ஒரு ஊரில் ஆராய்ச்சிப் படிப்புப் படிக்கிறாள். செயற்கைக்கோள் அனுப்பும் அளவுகளை வைத்துக் காற்றில் எவ்வளவு தூசி, எவ்வளவு புகை என்று சொல்வது அவள் வேலை. நான் துணியைப் பார்க்கிறேன், அவள் காற்றைப் பார்க்கிறாள்.

"அம்மா, நீ கிரகணத்தன்னிக்குப் பண்ணுன அதே தப்ப ஒரு சேட்டிலைட்டும் பண்ணியிருக்கும்மா" என்றாள்.

எனக்குச் சுருக்கென்றது. கோபம் வந்தால் ஊர்ப்பேச்சு தானாக வந்துவிடும். "ஏட்டி, பழசக் கிண்டுததுக்குத்தான் போன் போட்டியா?"

"கேளும்மா மொதல்ல" என்று சொல்ல ஆரம்பித்தாள். செயற்கைக்கோள் மேலேயிருந்து காற்றை நேராகப் பார்ப்பதில்லை. பூமியில் பட்டுத் திரும்பி வரும் சூரிய வெளிச்சத்தைப் பார்க்கிறது. சூரியனிலிருந்து இவ்வளவு வந்தது, பூமியிலிருந்து இவ்வளவு திரும்பியது, நடுவில் காற்று இவ்வளவு தின்றுவிட்டது என்று கணக்குப் போடும். சூரியனை ஒவ்வொரு தடவையும் அளப்பதில்லை. ஒரு நாளைக்கு ஒரு தடவை அளந்து வைத்துக்கொண்டு, மற்ற நேரமெல்லாம் அதையே மனசில் வைத்துக் கணக்குப் பார்க்கும். அன்று காலை அது நம் பக்கம் கடந்தபோது நிலா சூரியனை மறைத்துக்கொண்டிருந்தது. செயற்கைக்கோளுக்கு அது தெரியாது. திரும்பி வந்த வெளிச்சம் குறைந்திருந்ததும், காற்றில் புகை என்று எழுதிவிட்டது. இல்லாத புகையை நம் ஊர் மேல் திட்டாகக் காட்டியது.

"அப்ப அதுவும் கவரத் தொறந்து பாக்கலையா?" என்றேன்.

"ஆமாம்மா! அதேதான்! இந்த மாதிரி அளவையெல்லாம் கிரகணம்னு குறிச்சு ஒதுக்கி வச்சுருவாங்க. நான் ஒதுக்காம, எந்த நிமிஷம் நிலா எவ்வளவு மறைச்சுச்சுன்னு கணக்குப் போட்டுச் சரி பண்ணிப் பாத்தேன். அந்தப் புகைத் திட்டு காணாமப் போயிருச்சும்மா. நம்ம ஊர்த் தூசி மட்டும் கொஞ்சம் மிச்சம் இருக்கு."

"அது இருக்கத்தான செய்யும்" என்றேன்.

"இன்னொண்ணும்மா. வெளிச்சம் கொறைஞ்சது மட்டுமில்ல, நெறமும் மாறியிருக்கு. சூரியனோட நடுப்பகுதிய விட ஓரம் கொஞ்சம் செவப்பா இருக்கும். நிலா நடுவை மறைச்சு ஓரம் மட்டும் மிஞ்சினா, வர்ற வெளிச்சம் செவப்புப் பக்கம் சாஞ்சுரும். அதனாலதான் சேட்டிலைட் ரொம்பவே ஏமாந்துருச்சு."

கையிலிருந்த பாத்திரத்தைக் கீழே வைத்தேன். "என்னட்டி சொன்ன? செவப்புப் பக்கமா?"

பீரோவைத் திறந்து புடவைகளையெல்லாம் இழுத்துப் போட்டு, அந்தப் பக்கத்தை எடுத்துப் படம் பிடித்து அனுப்பினேன். ரெட்டிஷ், ரெட்டிஷ், ரெட்டிஷ் என்று என் கையெழுத்தில் வரிசையாக இருந்தது. அவள் ஒவ்வொரு வரியாக வாய்விட்டுப் படித்தாள். பிறகு, "அம்மா, இதுல நேரமெல்லாம் எழுதியிருக்கியே" என்றாள். "அவ்வளவு சின்ன மாத்தம் கண்ணுக்குத் தெரியுமான்னு நான் சத்தியம் பண்ண மாட்டேன். ஆனா வெளிச்சம் சாஞ்சது நெசம். நீ எழுதின பக்கம்தான் சாஞ்சிருக்கு."

எனக்கு அழுகை வந்துவிட்டது. ஆறு வருஷம் அடக்கி வைத்தது. துணியைப் பற்றி நான் சொன்னது தப்புதான். ஆனால் என் கண் பொய் சொல்லவில்லை.

இரண்டு மாதம் கழித்து, பெரிய பெரிய படிப்பாளிகள் கூடிய ஒரு கூட்டத்தில் மகள் பேசினாள். பேச்சை யாரோ வீடியோ எடுத்து அவளுக்குத் தர, அவள் எனக்கு அனுப்பினாள். நான் அதை முதலாளி அறைக்குக் கொண்டுபோனேன். மேஜையில் அப்போது பார்த்துக்கொண்டிருந்த துணியின் கறுப்புக் கவரும் கையோடு வந்துவிட்டது.

திரையில் இரண்டு கோடுகள் இருந்தன. ஒன்று நிலா மறைக்க மறைக்க வெளிச்சம் இறங்கி மறுபடி ஏறிய கணக்குக் கோடு. அதற்கடியில் புள்ளி புள்ளியாக இன்னொன்று. ஓகே, லேசாக டார்க், டார்க், கடைசியில் மறுபடி லேசாக டார்க். நான் நேரம் போட்டு எழுதியவைதான். இரண்டும் சேர்ந்தே இறங்கின, சேர்ந்தே ஏறின. கூட்டத்தில் ஒரு வயதானவர் எழுந்து, அந்தப் புள்ளிகளை எந்தக் கருவியில் எடுத்தாய் என்று இங்கிலீஷில் கேட்டார். என் மகள் மைக்கைக் கிட்டே இழுத்தாள். "எங்கம்மாவோட கண்ணு, சார்" என்று தமிழில் சொல்லிவிட்டு, பிறகு அதையே இங்கிலீஷில் சொன்னாள். யாரும் சிரிக்கவில்லை. கை தட்டினார்கள்.

முதலாளி கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். "இன்னொருக்காப் போடுங்க அம்மிணி" என்றார். போட்டேன். பார்த்து முடித்துவிட்டு, "அப்ப அன்னிக்கு நீங்க சொன்னது சரிங்களா, தப்புங்களா?" என்று கேட்டார்.

"துணியில தப்பு முதலாளி. வெளிச்சத்துல சரி. கவரத் தொறக்காமப் பாத்தது என் திமிரு. ஆனா பாத்தது பாத்ததுதான்."

அவர் எழுந்து என் மேஜைக்கு வந்தார். ரிஜிஸ்டரை விரித்து, மேனேஜர் கையெழுத்துப் போடும் கட்டத்தில், தலைப்பிலிருந்து கடைசி வரைக்கும் ஒரே கோடாக அடித்தார். "உங்க கையெழுத்து ஒண்ணே போதுமுங்க" என்றார். ஸ்கேல் வைக்காமல் அடித்ததால் கோடு கோணலாக இருந்தது. வேறு நாளாக இருந்தால் சொல்லிக் காட்டியிருப்பேன்.

அவர் போன பிறகு அடுத்த ரோலை இழுத்து மேஜையில் போட்டேன். கறுப்புக் கவரைத் திறந்து ஸ்வாட்சை வெளியே எடுத்து, துணிக்குப் பக்கத்தில் வைத்துப் பார்த்தேன். சரியாக இருந்தது. நேரத்தை எழுதிக் கையெழுத்துப் போட்டேன்.