சலவை வேனின் பின் ஆக்ஸில்

நில அளவை அலுவலகத்தில் இருபத்தாறு வருடமாகக் குப்பை கொட்டுகிறவரை எல்லோரும் 'டேப்பு' என்றுதான் கூப்பிடுவார்கள். சட்டைப்பையில் அளவு நாடா இல்லாமல் கழிவறைக்குக்கூடப் போகாத ஆசாமி. அப்பேர்ப்பட்டவர், பெரியப்பா விட்டுப்போன அறுபது வருடப் பழைய காருக்குள் ஜீப் எஞ்சினைத் தூக்கி வைத்தபோது மட்டும் எதையும் யோசிக்கவில்லை. எஞ்சின் உறுமியது, கிளட்சை விட்டார், பின் சக்கரங்களை இணைக்கும் ஆக்ஸில் மடாரென்று முறிந்தது. நோஞ்சான் தலையில் பீரோவை ஏற்றினால் வேறென்ன ஆகும்?

மனைவி சலவைக்கடை நடத்துகிறவள். பொறுமைக்குப் பேர்போனவள் என்று சொல்ல எனக்கும் ஆசைதான்.

"வர்ற ஞாயித்துக்கிழமைக்குள்ள இது தானா நகரணும். இல்லேன்னா பழைய இரும்புக்காரர் வந்து நகர்த்துவாரு," என்று கெடு வைத்துவிட்டாள்.

டேப்புக்குத் தூக்கம் போயிற்று. புது எஞ்சினின் முறுக்கைத் தாங்கும் ஆக்ஸில் வேண்டும். அகலம் சரியாக ஐம்பத்திரண்டு அங்குலம். கூடினால் டயர் மட்கார்டில் உரசும். கண்ட வண்டிக்கடியிலெல்லாம் நாடாவோடு புகுந்தார். ஒரு டாக்டரின் காருக்கடியில் கால் மட்டும் நீட்டிக்கொண்டிருக்க, பாவம், டாக்டர் நாடி பிடித்தே பார்த்துவிட்டார். நாற்பது வண்டி அளந்தவர், வீட்டு வாசலில் நின்ற மனைவியின் சலவை வேனை ஏறெடுத்தும் பார்க்கவில்லை. துணிமூட்டை வண்டிதானே என்ற இளக்காரம்.

சனிக்கிழமை, உருண்டோடிய பேனாவை எடுக்க அந்த வேனுக்கடியில் குனிந்தார். கை சும்மா இருக்குமா? அளந்தார். ஐம்பத்திரண்டு!

"உன் வேன்ல பின்னாடி ஒரு சத்தம் வருதே, கவனிச்சியா? ஆக்ஸில் போயிடுச்சுன்னு நினைக்கிறேன்."

"பதினோரு வருஷமா நான் ஓட்டுறேன். எனக்குக் கேக்காத சத்தம் உங்களுக்குக் கேட்டுச்சாக்கும்?"

டேப்பு அசடு வழிந்தார். அவளுக்குச் சிரிப்பு வந்துவிட்டது.

"கழட்டித் தொலைங்க. ஆனா வேனுக்கு வேற ஆக்ஸில் கிடைக்கிற வரைக்கும் என் மூட்டையெல்லாம் உங்க கார்லதான் போகும். நானும் கூட வருவேன்."

ஞாயிறு மாலை கார் தானாக வாசலைத் தாண்டியது. டேப்புக்குக் கண் கலங்கியது. மறுநாளிலிருந்து, அவர் அலுவலகம் போவதற்கு முன், காலையில் விடுதிக்கும் மருத்துவமனைக்கும் படுக்கை விரிப்புகள் காரில் பவனி போயின. முன்சீட்டில் மனைவி. வருடக்கணக்காக வீட்டில் பேசாததையெல்லாம் இருவரும் வழியில் பேசித் தீர்த்தார்கள்.

மூன்றாவது வாரம், வேனுக்கேற்ற ஆக்ஸில் வந்திருப்பதாகப் பழைய இரும்புக்காரர் சொல்லியனுப்பினார். டேப்பு போய் அளந்தார். மறுபடியும் அளந்தார். இரண்டு தடவையும் ஐம்பத்திரண்டு. முகம் தொங்கிப்போயிற்று. வேன் ஓட ஆரம்பித்தால் இந்தக் காலைச் சவாரி என்னாவது? வீட்டுக்கு வந்து, வாழ்க்கையிலேயே முதன்முறையாக ஓர் அளவைத் தப்பாகச் சொன்னார், அதுவும் மனைவியிடம்.

"அரை அங்குலம் குறையுது. சேராது."

அவர் வீடு வந்து சேர்வதற்குள்ளேயே இரும்புக்காரர் அவளிடம் போனில் சொல்லியிருந்தார்: "அச்சு அசல் அதே அளவும்மா. சார் ரெண்டு தடவை அளந்து பாத்துட்டுப் போனாரு."

"அரை அங்குலமா குறையுது?" என்றாள் அவள், முகத்தில் ஒரு சலனமும் இல்லாமல். "அப்ப அது வேண்டவே வேண்டாம்." பிறகு முன்சீட்டில் ஏறி உட்கார்ந்துகொண்டாள். "நேரமாச்சு, வண்டிய எடுங்க."