கயிறிழுப்பில் முன்னுக்கு ஓடிய கடைசி ஆள்

பிள்ளைகளே, நேற்றுப் பின்னேரம் நீங்கள் இரண்டு பேரும் புத்தகப் பையை எறிந்த எறியிலேயே ஏதோ நடந்துவிட்டது என்று எனக்கு விளங்கிவிட்டது. யாழ்ப்பாணத்திலிருந்து புதிதாக வந்த பெடியன் உங்களை “மன்னார்க் கழுதை” என்றானாம். நீங்கள் திருப்பி “பனங்கொட்டை சூப்பி” என்றீர்களாம். வாத்தியார் மூன்று பேரையும் வெயிலில் நிற்பாட்டினாராம். அம்மா உங்களை ஏசினா. நான் ஏசவில்லை, சிரிப்பை அடக்கிக்கொண்டு வெளியே போய்விட்டேன். அது பிழைதான். அதற்குப் பதிலாகத்தான் இதை எழுதுகிறேன். எட்டாம் வகுப்போடு நின்ற ஆள் நான், எழுத்துப் பிழை இருந்தால் பொறுத்துக்கொள்ளுங்கள். வாயால் சொல்லலாம்தான், ஆனால் அம்மா இடையில் புகுந்து திருத்துவா.

இந்த நாட்டில் பட்டப்பெயர் இல்லாத ஊர் இல்லை. அதை நான் படித்தது அகதி முகாமில், தண்ணீர்க் குழாய்க்கு முன்னால். எல்லா ஊராரும் ஒரே வரிசையில் வாளியோடு நின்றோம். யாழ்ப்பாணத்தார் மூன்று பேர் சேர்ந்தவுடன் வரிசையை ஒழுங்குபடுத்த ஒரு சங்கம் தொடங்கினார்கள். தலைவர், செயலாளர், பொருளாளர். நாலாவதாக வந்தவருக்குப் பதவி இல்லை, அவர் அடுத்த நாள் வேறொரு சங்கம் தொடங்கினார். மட்டக்களப்பார் ஒருவர் இருந்தார். அவர் கதைக்கிற இனிப்பில் முன்னுக்கு நின்ற ஆளே தன் வாளியை எடுத்து அவருடைய வாளியை வைத்துவிடுவார். வன்னிக்காரர் ஒன்றும் பேசமாட்டார்கள், ஆனால் எப்படியோ அவர்களுடைய வாளி முதலில் நிறைந்திருக்கும். தேர்தலிலும் அப்படித்தானாம். எல்லாக் கட்சிக்காரருக்கும் ஓம் என்று தலையாட்டி, எல்லாருடைய சோற்றையும் சாப்பிட்டுவிட்டு, புள்ளடியை எங்கே போட்டார்கள் என்று பெண்சாதிக்கும் சொல்லமாட்டார்களாம். நாங்கள் மன்னார்க் கரையார் என்ன செய்தோம்? வரிசையில் நிற்கலாமா கூடாதா என்று பங்குச் சுவாமியாரிடம் கேட்டுவரப் போனோம். திரும்பி வரும்போது தண்ணீர் நின்றுவிட்டது. கழுதை என்ற பேர் அன்றைக்குத்தான் எனக்கு முதலில் கிடைத்தது.

இனி நான் சொல்ல வந்த கதைக்கு வருகிறேன்.

மீள்குடியேற்றத்தில் நாங்கள் அரிப்புக் கிராமத்துக்குத் தெற்கே எங்கள் கரைக்குத் திரும்பினோம். திரும்பியது பதினாறு ஆம்பிளைகள். எங்கள் சம்மாட்டி, அதாவது வலைச் சொந்தக்காரர், எங்கேயோ கடன்பட்டு ஒரு கரைவலையும் ஒரு தோணியும் கொண்டுவந்து சேர்த்துவிட்டார். ஆனால் கரைவலையைக் கரையில் நின்று கயிற்றால் இழுக்க முப்பது பேருக்கு மேல் வேண்டும். பதினாறு பேரால் அதை நனைக்கலாம், இழுக்க முடியாது. வலை குடிசைக்குள் சுருண்டு கிடந்தது. தென்மேற்கிலிருந்து வருகிற சோளகக் காற்றுத் தொடங்கினால் கடல் குழம்பிவிடும், அதற்கு ஐந்து கிழமைதான் இருந்தது.

அம்மா அப்போது மன்னார்ப் பட்டினத்தில் பெரியம்மா வீட்டில் இருந்தா. மூத்தவன் நீ தவழுகிற குழந்தை. நான் தொலைபேசியில் வா வா என்று கூப்பிட்டேன். அம்மா சொன்னது ஒரே சொல்தான்: “வலை இறங்கட்டும். பிறகு வாறன்.” அவவிலும் பிழையில்லை. ஏழு தரம் சட்டிபானை தூக்கிய பெண், எட்டாம் தரம் தூக்க முன் அங்கே உலை கொதிக்குமா என்று கேட்கத்தானே செய்வா. சோளகத்துக்கு முன் வலை இறங்காவிட்டால் இன்னும் அரை வருடம் நான் தனியேதான். பதினாறு பேரில் ஐந்து பேர் திரும்பவும் நீர்கொழும்புக்குப் போய்க் கூலிக்கு நிற்பதாகவும் கதைத்தார்கள்.

சித்திரை வருடப்பிறப்புக்கு முருங்கன் பக்கத்தில் ஒரு பள்ளிக்கூட மைதானத்தில் விளையாட்டுப் போட்டி வைத்தார்கள். அந்தப் பக்கத்து வயல்காரருக்கு அறுவடை முடிந்து சும்மா இருக்கிற காலம். எங்கள் சம்மாட்டிக்கு ஒரு யோசனை வந்தது. கயிறிழுப்பில் பந்தயம் கட்டுவோம் என்றார். நாங்கள் வென்றால் வயல்காரர் இருபது பேர் சோளகம் வரும்வரை எங்கள் வலைக்கு வரவேண்டும், பங்கு மீன் கொடுப்போம். தோற்றால் அடுத்த போகத்துக்கு நாங்கள் பதினாறு பேரும் போய் அவர்களுடைய வயலுக்கு வரம்பு கட்டிக் கொடுக்க வேண்டும்.

வயல்காரருக்குத் தலைவராக ஒரு பெரியவர் இருந்தார். கழுத்தில் துவாய், பனை மாதிரி உடம்பு. பந்தயத்தைக் கேட்டதும் அவர் எங்களை மேலும் கீழும் பார்த்தார்.

“கடல்காரர் காத்தடிக்கிற பக்கம் சாயிற ஆக்கள். உங்களுக்கு வோட்டிலயும் நிலையில்ல, கயித்திலயும் நிலையில்ல. வாங்கோ பாப்பம்.”

எங்கள் சம்மாட்டி விடுவாரா? வயல்காரர் ஒரு வரம்பைப் பிடித்தால் மூன்று தலைமுறைக்குக் அரசாங்கக் கந்தோர் கந்தோராக வழக்குப் பேசுகிறவர்கள், பிடித்த கட்சியையும் அது செத்துப்போன பிறகும் விடமாட்டார்கள் என்றார். மைதானம் முழுக்கச் சிரித்தது. நடுவராக ஒரு யாழ்ப்பாணத்து வாத்தியார். அவர் இதற்குள் விதிகளைக் கொப்பியில் எழுதி, இரண்டு பக்கத்தாரிடமும் கையெழுத்து வாங்கிவிட்டார். ஓரத்தில் இரண்டு ஆமிக்காரர் நின்றார்கள். ஒருவர் கண்டிக்காரர், மற்றவர் மாத்தறைக்காரர். எனக்குத் தெரிந்த கொஞ்சச் சிங்களத்தில் காது கொடுத்தேன். மலைநாட்டான் பழைய ராசாவை நினைத்துக்கொண்டு இழுத்தால் கயிறு வராது என்கிறார் மாத்தறைக்காரர். கீழ்நாட்டான் இழுக்க முன் கயிற்றை விற்றுவிடுவான் என்கிறார் கண்டிக்காரர். பிள்ளைகளே, எனக்கு அன்றைக்கு வந்த சந்தோசத்தைச் சொல்ல முடியாது. அவர்களுக்கும் இதே நோய்தான்.

எட்டுக்கு எட்டு. எனக்குக் கடைசி இடம். கயிறு என் இடுப்பைச் சுற்றி வந்தது. விசில் ஊதியது.

முதலில் அவர்கள் எங்களை ஒரு முழம் இழுத்துவிட்டார்கள். குதிகால் மண்ணில் நிற்கவில்லை. அப்போது முன்னால் நின்ற சம்மாட்டி அம்பா சொல்லத் தொடங்கினார், கடற்கரையில் வலை இழுக்கும்போது சொல்லுகிற அதே அம்பாப் பாட்டு. எட்டுக் குரலும் சேர்ந்தது. எட்டுக் காலும் ஒரே நேரத்தில் விழுந்தது. கயிறு அசைந்தது. வயல்காரருடைய காலடியில் மண் கிளம்பியது. பெரியவரின் முகம் கறுத்தது. ஒரு முழம், இரண்டு முழம், நாலு முழம். சனம் எழும்பி நின்று கத்துகிறது. அம்மா மூத்தவனை இடுப்பில் வைத்துக்கொண்டு பஸ்ஸால் இறங்குகிற மாதிரியே எனக்குத் தெரிந்தது. இன்னும் ஒரு முழம் வந்தால் வெற்றி.

அந்த நேரத்தில் நான் இடுப்பிலிருந்து கயிற்றைக் கழற்றிவிட்டு, முன்னுக்கு ஓடினேன்.

ஓடிப்போய், சம்மாட்டிக்கும் முன்னால் நின்று, கோட்டுக்குக் கிட்டக் கயிற்றைப் பிடித்தேன். நான் ஓடியதைக் கண்டதும் எனக்கு முன்னால் நின்றவனும் விட்டுவிட்டு ஓடிவந்தான். அவனுக்குப் பின்னால் அடுத்தவன். பின்பக்கத்தில் கயிற்றுக்கு ஆள் இல்லை. வயல்காரர் ஒரு இழுவை இழுத்தார்கள், நாங்கள் எட்டுப் பேரும் ஒருவர்மேல் ஒருவர் கோட்டுக்கு அங்கால் விழுந்தோம்.

ஏன் ஓடினேன் என்று உங்களுக்கு விளங்கும், கரையில் பார்த்து வளர்ந்தவர்கள்தானே. கரைவலையில் எல்லாரும் கயிற்றைப் பிடித்துப் பின்னுக்கு நடப்பார்கள். கடைசி ஆள் மணல் மேட்டுக்குப் போனதும் விட்டுவிட்டு, தண்ணீர் விளிம்புக்கு ஓடிவந்து முதல் ஆளாகப் பிடிக்க வேண்டும். பிறகு அடுத்த கடைசி ஆள். அப்படித்தான் கயிறு வரும். பத்து வயதிலிருந்து செய்த வேலை அது. அம்பா கேட்டதும் என் கால் என்னைக் கேட்காமல் ஓடிவிட்டது.

மைதானத்தில் இருந்தவர்களுக்கு அது விளங்குமா? அவர்கள் விழுந்து விழுந்து சிரித்தார்கள். மாத்தறைக்காரரும் கண்டிக்காரரும் ஒருவர் தோளில் ஒருவர் கையைப் போட்டுக்கொண்டு சிரித்தார்கள். வாத்தியார் கொப்பியைப் புரட்டி, போட்டியாளர் ஒருவர் தன் இடத்தை விட்டு ஓடினால் என்ன செய்வது என்று விதி எழுதவில்லையே என்று கவலைப்பட்டார். சம்மாட்டி எழும்பவில்லை. தாடையில் மண்ணோடு அப்படியே இருந்தார்.

எனக்கு அழுகை வந்துவிட்டது, அதையும் சொல்லிவிடுகிறேன். போட்டி தோற்றதற்காக அல்ல. வலை இறங்காது, அம்மா வரமாட்டா. அந்த ஆத்திரத்தில் நேரே பெரியவரிடம் போனேன். அவர் சோடாப் போத்தலோடு கதிரையில் இருந்தார். நான் பயந்து ஓடவில்லை, அது எங்கள் தொழில் முறை என்று நின்ற நிலையில் முழுவதையும் சொன்னேன். அவர் சோடாவைக் குடித்து முடித்தார்.

“தம்பி, இழுக்கிறவன் கயித்தை விட்டிட்டு ஓடினால் கயிறு வருமெண்டு நீர் சொல்லுறீர்.”

“ஓம் அண்ணை.”

“நான் அறுபது வயசுக்கு இப்பிடி ஒரு பொய் கேக்கேல்ல.”

“பொய்யில்ல அண்ணை. வந்து பாருங்கோ.”

“உங்களிட்டத்தான் ஆள் இல்லையே, எப்பிடிக் காட்டுவீர்?”

“அதுதான் அண்ணை. நீங்கள் வந்தால்தான் காட்டலாம்.”

அவர் சோடாப் போத்தலைக் கீழே வைத்தார். பிறகு தன் ஆட்களைத் திரும்பிப் பார்த்து, கடல்காரன் பொய் சொல்லுறானோ எண்டு பாக்க ஆரார் வாறீங்கள் என்று கேட்டார். வென்றவர்கள் அல்லவா, எல்லாருக்கும் நல்ல உசார். இன்னும் ஒரு நாள் எங்களைப் பார்த்துச் சிரிக்கலாம் என்றால் யார் விடுவார்கள்?

மூன்றாம் நாள் விடிய உழவு மெசினுக்குப் பின்னால் கட்டிய பெட்டியில் இருபத்திரண்டு பேர் வந்து இறங்கினார்கள். நான் முதல்நாள் இரவு முழுக்க நித்திரை கொள்ளவில்லை. சம்மாட்டி சிலுவை அடையாளம் போட்டுவிட்டுத் தோணியைத் தள்ளினார். வலை கடலைச் சுற்றி வளைத்து வந்தது. இரண்டு கயிற்றுக்கும் ஆட்களைப் பிரித்தோம். பெரியவர் என் கயிற்றில், கடைசி ஆளாக நின்றார். அவர் கேட்டு வாங்கிய இடம்.

அம்பா தொடங்கியது. கயிறு வந்தது. பெரியவர் மணல் மேட்டுக்குப் போய்விட்டார். விடுங்கோ அண்ணை, முன்னுக்கு வாங்கோ என்று நான் கூப்பிட்டேன். அவர் விடவில்லை.

“கையில வந்ததை விடுறதோ?”

இன்னும் பின்னுக்குப் போனார். நாங்கள் எல்லாரும் கத்துகிறோம், அவர் பல்லைக் கடித்துக்கொண்டு இழுத்துக்கொண்டே போகிறார். கண் கயிற்றில், முதுகு காட்டில். கடைசியில் உடை மரத்து முள்ளுக்குள் போய்க் குந்திவிட்டார். அப்போதும் கயிறு கையில்தான். அவருடைய ஆட்களே முதலில் சிரித்தார்கள். ஒருவன் சிரித்துச் சிரித்து மணலில் படுத்துவிட்டான். நான் ஓடிப்போய் அவருடைய விரல்களை ஒவ்வொன்றாகப் பிரித்துக் கயிற்றை விடுவித்து, கையைப் பிடித்துத் தண்ணீர் விளிம்புக்குக் கூட்டிக்கொண்டு வந்தேன். முதுகில் முள்ளு அப்படியே இருந்தது. முன்னால் பிடித்தார். கயிறு வந்தது. அவர் திரும்பி என்னைப் பார்த்தார்.

“நீர் பொய்காரன் இல்ல.”

அதற்குப் பிறகு அவரைப் பிடிக்க முடியவில்லை. முறை வரமுன்னமே விட்டுவிட்டு ஓடிவருகிறார். விடுங்கோடா, ஓடியாங்கோடா என்று தன் ஆட்களையும் விரட்டுகிறார். வலையின் மடி கரைக்கு வந்தபோது சூடை மீனும் காரலும் வெள்ளி மாதிரித் துள்ளியது, அதற்குள் நாலு நல்ல பாரையும் கிடந்தது. வயல்காரர் முழங்கால் தண்ணீரில் நின்று, நெல்லைப் பார்க்கிற மாதிரி மீனைக் கையில் அள்ளி அள்ளிப் பார்த்தார்கள். பங்கைச் சாக்கில் கட்டி ஏற்றும்போது, பெரியவர் பெட்டியில் நின்றபடி, நாளைக்கு இன்னும் ஐந்து பேர் வருவினம் என்று சம்மாட்டியிடம் சொன்னார். பந்தயப்படி வரம்பு கட்டவும் நாங்கள் வரவேண்டுமாம், அதை மட்டும் அவர் மறக்கவில்லை. நாங்களும் போனோம். எங்கள் வரம்பு ஒரு மழைக்கு நிற்கவில்லை. இன்றைக்கும் அதைச் சொல்லிச் சிரிப்பார்கள்.

ஆகவே, அந்தப் பெடியன் நாளைக்கும் கழுதை என்றால், ஓம் என்று சொல்லிவிட்டு எங்கள் கரைக்குக் கூட்டிக்கொண்டு வாருங்கள். கயிற்றைக் கொடுப்போம். யாழ்ப்பாணத்தார் எப்படி இழுப்பார்கள் என்று எனக்கும் பார்க்க ஆசை. முதலில் சங்கம்தான் தொடங்குவான் என்று நினைக்கிறேன்.

அன்றைக்கு மெசின் போன பிறகு அம்மாவுக்குத் தொலைபேசி எடுத்தேன். வலை இறங்கியது என்றேன். எத்தனை மணிக்கு பஸ் என்று அம்மா கேட்டா.

எல்லாரும் குளிக்கக் கிணற்றடிக்குப் போய்விட்டார்கள். நான் வீட்டுக்கு வந்தேன். வீடு என்றால் அப்போது நாலு தடியும் தகரமும்தான். அயல் வீட்டு வேலியில் சாத்தியிருந்த விளக்குமாற்றை எடுத்தேன். எங்கள் ஊரில் ஆம்பிளை முற்றம் கூட்டுவதில்லை. இரண்டு பக்கமும் பார்த்தேன், ஒருவரும் இல்லை. படலையிலிருந்து வாசல்வரை குனிந்து கூட்டினேன். கல்லையும் முள்ளையும் பொறுக்கி வேலிக்கு அப்பால் எறிந்தேன், தவழுகிற பிள்ளை வருகிறதல்லவா. பிறகு விளக்குமாற்றை மண் தட்டி, இருந்த இடத்திலேயே கொண்டுபோய்ச் சாத்தினேன்.