ராமதாஸ் மரத்துக்கு யார் பகை?

பவுனம்மாளுக்கு இந்த உலகத்தில் யார்மேலும் நம்பிக்கை கிடையாது. காசிமேட்டு ஏலத்தில் மீன் எடுக்கும்போது செவுளைத் தூக்கிப் பார்ப்பாள், மோந்து பார்ப்பாள், கடைசியில் விற்கிறவன் மூஞ்சியையும் ஒரு தரம் உற்றுப் பார்ப்பாள். இனாமாக டீ வாங்கிக் கொடுத்தால்கூட, "இன்னா மேட்டரு, சொல்லு மொதல்ல" என்று கேட்டுவிட்டுத்தான் கிளாஸைத் தொடுவாள்.

அப்படிப்பட்டவள் கடைபோடும் எர்ணாவூர் சாலையோரத்தில்தான் அந்த மரங்களை நட்டார்கள். முப்பது வருஷத்துக்கு முந்தைய புயலில் கடலுக்குப் போய்த் திரும்பாத குப்பத்து ஆம்பளைகளின் நினைவாக, ஆளுக்கொரு சரக்கொன்றை. ஒவ்வொன்றின் காலடியிலும் பெயர் எழுதிய தகரப் பலகை. கடையைக் கிளப்பத்தான் மீனவர் சங்கத்துக்காரர்கள் மரம் என்ற பேரில் வேலை பார்க்கிறார்கள் என்று அவள் சண்டைக்குப் போனாள். போன இடத்தில் தன் புருஷன் பேரைப் பார்த்தாள். ராமதாஸ். வந்த சண்டையை மறந்தாள்.

ராமதாஸின் உடம்பு கரை ஒதுங்கவே இல்லை. மற்ற வீட்டுச் சாவுக்கெல்லாம் இடுகாட்டில் காட்ட ஒரு மேடாவது இருக்கிறது. இவளுக்கு அதுவும் இல்லை. இத்தனை வருஷத்துக்கு அப்புறம் அவன் பேர் எழுதி மண்ணில் நின்றது அந்தக் கன்று ஒன்றுதான். மறுநாளே மீன் கூடையை அதன் பக்கத்தில் இறக்கினாள்.

வியாபாரம் முடிந்ததும் ஐஸ் தொட்டியில் மீன் அலசிய தண்ணீரை அப்படியே அதன் வேரில் ஊற்றுவாள். மீன் தண்ணீர் ஊற்றினால் மரம் தளதளவென்று வரும் என்பது குப்பத்தில் எல்லாருக்கும் தெரிந்த சங்கதி. அவள் வீட்டுத் தென்னை அப்படித்தான் குலை தள்ளியது. "இந்தா, குடிய்யா. இன்னிக்கு வஞ்சிரம்" என்று புருஷனிடம் பேசுகிற மாதிரியே பேசிக்கொண்டு ஊற்றுவாள்.

ஆனால் மரம் தளதளவென்று வரவில்லை. இலை ஓரம் கருகியது. கொழுந்து காய்ந்தது. வரிசையில் மற்ற மரமெல்லாம் கொழுகொழுவென்று நிற்க, ராமதாஸ் மட்டும் நோயாளி மாதிரி நின்றான். பவுனம்மாளுக்கு வயிறு எரிந்தது. யாரோ வேலை காட்டுகிறான்!

முதலில் பக்கத்து மரத்துக்காரி சொக்கம்மாளின் கண் என்று நினைத்து எலுமிச்சையும் மிளகாயும் கட்டினாள். பலிக்கவில்லை. அப்புறம் பார்வை பின்னால் இருந்த ஜேக்கப்பின் பஞ்சர் கடைமேல் விழுந்தது. மரம் வளர்ந்தால் அவன் போர்டை மறைக்கும். வேறென்ன சாட்சி வேண்டும்?

"டேய் ஜேக்கப்பு, பேட்டரி தண்ணிய எங்கடா கொட்டுற?"

"கடைக்குப் பின்னால ட்ரம்முலக்கா. வந்து பாரு."

"நீ நல்லவன்னா என் மரம் இன்னாத்துக்குடா கருவுது?"

ஜேக்கப் வாயைத் திறந்தான். அவளுடைய மீன் தொட்டியைப் பார்த்தான், தகரப் பலகையைப் பார்த்தான், மறுபடி டயர்மேல் குனிந்துகொண்டான். திருட்டு முழி என்று பவுனம்மாள் முடிவுகட்டினாள். அன்றிலிருந்து காலையும் மாலையும் அவனுக்கு அர்ச்சனைதான்.

மீன்பிடித் தடைக்காலம் வந்தது. லாஞ்சுப் படகுகள் கரையில் நின்றன, மீன் இல்லை. மற்றவர்கள் வீட்டில் காலை நீட்டினார்கள். இவள் வெறுங்கூடையோடு வந்து மரத்துக்குக் காவல் உட்கார்ந்தாள். ஒரு உச்சி வெயிலில், முந்தானையை முகத்தில் போட்டுக்கொண்டு தூங்குகிற மாதிரி கிடந்தாள்.

ஜேக்கப் பக்கெட்டோடு வந்தான். சுற்றுமுற்றும் பார்த்தான். வேரில் ஊற்றினான்.

"மாட்னியாடா கஸ்மாலம்!" பாய்ந்து அவன் மணிக்கட்டைப் பிடித்தாள். பக்கெட்டில் கையை விட்டு மோந்தாள். நாக்கில் வைத்தாள். குடிக்கிற தண்ணீர்.

"இன்னாடா இது?"

"லாரில புடிச்ச தண்ணிக்கா."

"நல்ல தண்ணிய இன்னாத்துக்குடா திருட்டுத்தனமா ஊத்துற?"

"நீ பாத்தா கேப்ப. கேட்டா சொல்லணும்."

"இன்னா சொல்லணும்?"

ஜேக்கப் தரையைப் பார்த்தான். "மீனு கெடாம இருக்க நீ ஐஸு மேல கல்லுப்பு போடுற. அந்தத் தண்ணிய டெய்லி இங்கதான் ஊத்துற. தென்னை தாங்கும்க்கா, இது தாங்காது. நீ வூட்டுக்குப் போனப்புறம் நான் உப்ப கழுவி வுட்டுகினு கீறேன்."

"இத மொதல்லயே சொல்ல உனக்கு வாயில்லயா?"

"நீ அண்ணன்கிட்ட பேசிகினே ஊத்துவ. அத பாத்துட்டு எப்டிக்கா சொல்றது?"

பிடி தளர்ந்தது. அப்போதுதான் பார்த்தாள். மீன் தண்ணீர் நின்றுபோன இந்த நாட்களில், அடித்தண்டில் புதுத் துளிர் விட்டிருந்தது. பவுனம்மாள் மரத்தடியில் பொத்தென்று உட்கார்ந்தாள்.

"உப்புத் தண்ணி குடிச்சி செத்த மனுசன்டா அவரு" என்றாள். "நானும் அதையே ஊத்திகினு கீறேனேடா." தலையில் அடித்துக்கொண்டு அழுதாள். ஜேக்கப் பக்கத்திலேயே நின்றான்.

தடை முடிந்து மீன் வந்தது. முதல் நாள் வியாபாரம் முடிந்ததும் தொட்டியைத் தூக்கிக்கொண்டு சாலையைக் கடந்து, எதிர்ப்பக்கச் சாக்கடையில் கவிழ்த்தாள். பிறகு குடத்தோடு பஞ்சர் கடைக்குப் போனாள்.

"நல்ல தண்ணி கீதாடா ஜேக்கப்பு?"

அவன் நிரப்பிக் கொடுத்தான். மரத்தடிக்கு வந்தவள் ஊற்றப்போய் நிறுத்தினாள். விரலை நனைத்து நாக்கில் வைத்துப் பார்த்தாள். உப்புக் கரித்தது. ஜேக்கப்மேல் சந்தேகமில்லை. அந்த விரல் மீன் அலசிய விரல். முந்தானையால் கையை அழுந்தத் துடைத்துவிட்டு, மறுபடியும் நாக்கில் வைத்துப் பார்த்துவிட்டுத்தான், "இந்தா, குடிய்யா" என்று குடத்தைச் சாய்த்தாள்.