மகளின் கப்பல் வெளியே நிற்கிறது

ஜெர்மனியின் ரூகன் தீவுத் துறைமுகத்தில் எங்கள் சுற்றுலா வண்டி நிற்கிறது. கூட வந்த ஆறு பேரும் பனி மூடிய வெள்ளைச் சுண்ணாம்புப் பாறைகளைப் படம் எடுக்கிறார்கள். நான் கடலையே பார்க்கிறேன். பயணிகள் கப்பலில் வேலை செய்யும் என் மகளைக் கோடைக்குப் பிறகு பார்க்கவில்லை. இன்று அவள் கப்பல் இங்கே வருகிறது என்றுதான் ஸ்டுட்கார்ட்டிலிருந்து இந்தச் சுற்றுலாவில் சேர்ந்து வந்தேன்.

கப்பல் வந்துவிட்டது. ஆனால் அலைத்தடுப்புச் சுவருக்கு வெளியிலேயே நின்றுவிட்டது.

"இந்தக் காற்றில் உள்ளே விடமாட்டோம். இரவாகிவிடும்," என்கிறார் துறைமுக ஊழியர். "யாரையாவது எதிர்பார்க்கிறீர்களா?"

"என் மகளை. எங்கள் வண்டி இப்போது புறப்பட்டுவிடும்."

அவர் கழுத்திலிருந்த தொலைநோக்கியைக் கழற்றித் தருகிறார். அதற்குள் என் கைபேசி அடிக்கிறது.

"அம்மா, மேல்தட்டிலை நிக்கிறன். கை காட்டுறன், தெரியுதோ?"

தொலைநோக்கியில் செம்மஞ்சள் ஜாக்கெட் போட்ட நாலைந்து பேர் தெரிகிறார்கள். முகங்கள் தெரியவில்லை. ஒருவர் கையை ஆட்ட, மற்றவர்களும் சேர்ந்து ஆட்டுகிறார்கள். வழிகாட்டி வண்டியிலிருந்து என்னைக் கூப்பிடுகிறாள்.

"ஓம் பிள்ளை, வடிவாத் தெரியுது," என்கிறேன். "நல்லா மெலிஞ்சு போனாய்."