சமூகவியலுக்கு ஆள் பிடித்தேன்

சமூகவியல் வாத்தியார் வேலையில் பாடம் நடத்துவது சுலபம், "அப்படின்னா என்ன?" என்று கேட்பவர்களுக்குப் பதில் சொல்வதுதான் பெரும்பாடு. கேட்க ஆளில்லாத பாடத்தை வைத்துப் பிழைக்கிற சக அப்பாவிகளே, உங்களுக்கு என் கஷ்டம் புரியும். ராஜபாளையத்தில் ஒரு கல்லூரியில் நான் தற்காலிக விரிவுரையாளர். முதலாமாண்டில் இருபது பேர் சேராவிட்டால் துறையை மூடிவிடுவோம் என்று முதல்வர் கூப்பிட்டுச் சொல்லிவிட்டார். பாடமும் போகும், நானும் போவேன். விட்டுவிடுவேனா? மே மாத வெயிலில் குடையைத் தூக்கிக்கொண்டு கிளம்பினேன்.

எந்தச் சமூகம்?

ஸ்ரீவில்லிபுத்தூரில் ஒரு தையல்கடை அண்ணாச்சி. மகள் பிளஸ் டூ முடித்திருந்தாள். "சமூகவியல்ல சேத்து விடுங்க அண்ணாச்சி" என்றேன். மெஷினை நிறுத்திவிட்டு என்னை ஏற இறங்கப் பார்த்தார். நம் பக்கத்தில் சமூகம் என்றால் சாதி. கல்யாண மண்டபத்து வாசலில்கூட அந்த அர்த்தத்தில்தான் எழுதி வைத்திருக்கிறார்கள்.

எல்லாரும் சேர்ந்து வாழ்வது எப்படி நடக்கிறது என்று சொல்லித்தரும் படிப்பு இது என்று தொண்டை வறள விளக்கினேன். தலையை ஆட்டி ஆட்டிக் கேட்டார். பிறகு குரலைத் தாழ்த்தினார். "அது சரி டீச்சர், இதை நடத்துத காலேஜ்காரவுக எந்தச் சமூகம்?"

கல்ச்சர்

அவர் மகள் சேர்ந்துவிட்டாள். சமூகம் என்ற சொல்லே வேண்டாம், பண்பாட்டில் தொடங்குவோம் என்று முடிவு செய்து, வத்திராயிருப்புக்குப் பஸ் ஏறி, கான்சாபுரத்தில் ஒரு விவசாயி வீட்டில் போய் நின்றேன். "உங்க பொண்ணுக்குப் பண்பாடு பத்திச் சொல்லித் தருவோம்" என்றதும் அவர் விருட்டென்று எழுந்தார். "எம்புள்ளைக்குப் பண்பாடு இல்லைன்னு எவன் சொன்னான்?"

பதறிப்போய், "ஐயோ, அது இல்லைங்க, கல்ச்சர், கல்ச்சர்!" என்றேன். அவர் முகம் மலர்ந்துவிட்டது. வாழை போடுகிறவர்களுக்குக் கல்ச்சர் என்றால் நர்சரியில் விற்கிற திசு வளர்ப்புக் கன்று என்பது எனக்கு எப்படித் தெரியும்? உள்பக்கம் திரும்பி மகளுக்குக் குரல் கொடுத்தார். "ஏட்டி, டீச்சருக்கு மோரு கொண்டா, வாழைக்கன்னு விக்க வந்திருக்காவ!"

எத்தனை பாத்திரம்?

மோரைக் குடித்துவிட்டு அந்தப் பெண்ணையும் சேர்த்துவிட்டேன். இப்படியே ஊர் ஊராக அலைந்தும் கடைசி நாளில் இருபதுக்கு ஒரே ஓர் ஆள் குறைந்தது. அன்றைக்குக் கல்லூரிக்கு வந்தவர்களையெல்லாம் கூப்பிட்டு உட்காரவைத்து மாதிரி வகுப்பு எடுத்தேன். முதல்வர் கடைசி பெஞ்சில் இருந்தார். முன்னால் சோழபுரத்துத் தெய்வானை. பஞ்சு மில்லில் வேலை பார்ப்பவர், தங்கையைக் கணக்குப் பிரிவில் சேர்க்க வந்தவர், மின்விசிறிக்காக உள்ளே வந்து உட்கார்ந்திருந்தார்.

சமூகத்தில் ஒருவர் ஏற்கும் பொறுப்பைப் பாத்திரம் என்போம். "நீங்க ஒருத்தரே மனைவி, தாய், தொழிலாளி. எத்தனை பாத்திரம் பாருங்க!" என்றேன். "எம்புட்டுப் பாத்திரமா இருந்தா என்ன மேடம், அம்புட்டையும் நாந்தானே கழுவுதேன்" என்றார் தெய்வானை. வகுப்பே சிரித்தது. நான் அர்த்தத்தை விளக்கினேன். அவர் மட்டும் சிரிக்காமல், "இதையெல்லாமா புஸ்தகத்துல போட்டிருக்கு?" என்று கேட்டார்.

பிளஸ் டூ முடித்த கையோடு கட்டிக்கொடுக்கப்பட்டவர். தனக்கே ஒரு விண்ணப்பம் கேட்டார்; பேனாவோடு எடுத்து நீட்டினேன். "வயசு, மில்லு ஷிப்டு..." என்று முதல்வர் இழுத்தார். தெய்வானை எழுந்து அவர் பக்கம் திரும்பினார். "ஷிப்டை மாத்திக்கிடுதேன் சார். தங்கச்சி கணக்கு படிக்கட்டும், எனக்கு இதுல ஒரு இடம் போடுங்க. கழுவுனது போதும்."

துறை பிழைத்துவிட்டது; இப்போது எனக்கு இருக்கிற ஒரே தொல்லை, நான் காலையில் நடத்துகிற பாடத்தைத் தெய்வானை சாயங்காலமே வீட்டில் நடத்திவிடுகிறார் என்று அவருடைய மாமியார் எனக்குப் போன் போடுவதுதான்.