ஆறு மில்லி இடைவெளி

"அண்ணாத்தே, நம்ம எஸ்தர் மேடம் போய்ட்டாங்க" என்று பழைய வெல்டர் குமார் போனில் சொன்னான். திருமழிசைத் தொழிற்சாலை நண்பர்களே, அடக்கத்தன்று ஆவடி கல்லறைத் தோட்டத்துக்கு நீங்கள் பலர் வந்திருந்தீர்கள். "நல்ல மனுசி. அந்த ஒரு தப்புதான் பண்ணாங்க" என்றார் ஒருவர். அங்கேயும் நான் வாய் திறக்கவில்லை. அதனால் எழுதுகிறேன்.

தொண்ணூறுகளின் தொடக்கம். கனமான இரும்புத் தட்டுக்கு மேல் சிறிது இடைவெளி விட்டு எவர்சில்வர் தகட்டை வைப்போம். அதன்மேல் வெடிமருந்தைப் பரப்பி, கல்குவாரிப் பள்ளத்தில் வெடிப்போம். தகடு பாய்ந்து இரும்போடு ஒட்டிக்கொள்ளும். வெடிப்பது என் வேலை. மருந்து எவ்வளவு, இடைவெளி எவ்வளவு என்று முதலில் கம்ப்யூட்டருக்குள் வெடித்துப் பார்த்துச் சொல்வது எஸ்தரின் வேலை.

"இன்னாம்மா, உன் பொட்டி இன்னா சொல்து?" என்று தினமும் சீண்டுவேன். "சத்தம் பெருசா இருந்தா போதாதுண்ணே, தகடு சரியான வேகத்துல இடிக்கணும்" என்பார். கோபமே வராது அவருக்கு.

ஒருநாள் ஆறு மில்லிமீட்டர் இடைவெளி கேட்டிருந்தார். இடைவெளிக்கு முட்டுக் கொடுக்கக் கைவசம் நாலு மில்லித் துண்டுகள்தான் இருந்தன. ரெண்டு மில்லி என்ன செய்துவிடும் என்று அவற்றையே வைத்து வெடித்தேன். பதிவேட்டில் மட்டும் ஆறு என்று எழுதினேன். தகடு பாதி ஒட்டவில்லை. தட்டினால் டொக்கு டொக்கென்று காலியாகக் கேட்டது. "பொட்டியை நம்பினா இப்படித்தான்" என்று மேனேஜர் எல்லார் முன்னாலும் எஸ்தரைக் காய்ச்சி எடுத்தார். நான் கல்லுப்பிள்ளையார் மாதிரி நின்றேன்.

மூன்று வாரம், தன் புரோகிராமில் இல்லாத தப்பை வரிவரியாகத் தேடினார் அவர். கண்ணெல்லாம் சிவந்துபோனது. பிறகு ஒரு மத்தியானம் என் ஷெட்டுக்கு வந்தார்.

"கம்ப்யூட்டர்ல நாலு மில்லின்னு போட்டுப் பாத்தேன். தகடு ஒட்டாம விட்ட இடம் அப்படியே வருதுண்ணே. நீங்களே மேனேஜர்கிட்ட சொல்லிடுங்க. நான் சொன்னா உங்க வேலை போய்டும்."

"நாளைக்குச் சொல்றேம்மா" என்றேன். பாவி, சொல்லவே இல்லை. கம்ப்யூட்டருக்கு உறை போட்டார்கள். எஸ்தரை ஸ்டோருக்கு மாற்றினார்கள். ஓய்வு பெறும்வரை அங்கே போல்ட்டும் நட்டும் எடுத்துக் கொடுத்தார். எதிரில் பார்த்தால், "பசங்க நல்லாருக்காங்களாண்ணே?" என்பார். அதற்கு மேல் ஒரு வார்த்தை கேட்டதில்லை.

நண்பர்களே, எஸ்தர் தப்பு செய்யவில்லை. நாலு மில்லி வைத்தவன் நான். அவரிடமிருந்து எனக்குக் கிடைத்தது அவர் யாருக்கும் சொல்லாமல் காத்த மௌனம் ஒன்றுதான். அத்தனை வருஷமும் என் குடும்பம் அதில்தான் சோறு தின்றது.